தைராய்டு மாத்திரையும் சத்து மாத்திரையும்: நடுவில் நான்கு மணி நேரம்

ஒரு நாள் விடாமல் தைராய்டு மாத்திரை போட்டும் டி.எஸ்.எச். (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ரத்தத்தில் கூடும் ஹார்மோன்) இறங்க மாட்டேன் என்கிறதா? மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு முன்னால், அதோடு சேர்த்து வேறென்ன விழுங்குகிறீர்கள் என்று பாருங்கள். கால்சியமும் இரும்புச்சத்தும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டியவை.

தைராய்டு மாத்திரையில் இருக்கும் லீவோதைராக்ஸின் என்ற மருந்து, வெறும் வயிற்றில் போட்டாலே 60 முதல் 80 சதவீதம்தான் சிறுகுடலில் உறிஞ்சப்படும். கால்சியம் கார்பனேட் அதைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். இரும்பு அதோடு கட்டுண்டுவிடும். அப்படிச் சிக்கிய மருந்து ரத்தத்துக்குப் போகாமல் மலத்தோடு வெளியேறிவிடும். அளவைப் பாருங்கள்: தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராம், கால்சியம் 500 மில்லிகிராம். பத்தாயிரம் மடங்கு! 1992இல் வெளியான ஓர் ஆய்வில், 14 பேருக்கு 12 வாரம் தைராய்டு மாத்திரையோடு 300 மி.கி. ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சராசரி டி.எஸ்.எச். 1.6இலிருந்து 5.4க்கு ஏறியது. கார்பனேட்டை விட்டு சிட்ரேட் கால்சியத்துக்கு மாறினாலும் தப்ப முடியாது. அதுவும் உறிஞ்சுதலைக் குறைக்கிறது.

இதில் மோசமான விஷயம், தவறு உடனே தெரியாது. இந்த மருந்தின் பாதி உடலிலிருந்து நீங்கவே சுமார் ஏழு நாள் ஆகும். அதனால் இன்று சேர்த்துப் போட்டால் இன்று ஒன்றும் ஆகாது. சோர்வும் மலச்சிக்கலும் வாரக்கணக்கில் மெல்ல வரும். பரிசோதனையில் டி.எஸ்.எச். கூடியிருக்கும், 50ஐ 75 ஆக்குவார்கள். பிறகு ஒரு நாள் கால்சியம் தீர்ந்துபோய் நிறுத்திவிட்டால், 75 முழுவதும் உள்ளே போய்ப் படபடப்பும் கை நடுக்கமும் வரும். மருந்துச் சீட்டில் எழுதாத சத்து மாத்திரையையும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அதற்காகச் சத்து மாத்திரையை நிறுத்தவும் கூடாது. தைராய்டு சுரப்பி ஹார்மோன் செய்யவே இரும்பு வேண்டும். தைராய்டு குறைந்த பெண்களுக்கு மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு இருந்தால் இரும்பு இன்னும் குறையும். மாற்ற வேண்டியது நேரத்தை மட்டும்தான்: தைராய்டு மாத்திரைக்கும் சத்து மாத்திரைக்கும் நடுவில் நான்கு மணி நேரம் விடுங்கள்.

மிகவும் கவனம் தேவைப்படுவது கர்ப்பிணிகளுக்கு. நான்காம் மாதத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் 60 மி.கி. இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை தினம் ஒன்று, 500 மி.கி. கால்சியம் தினம் இரண்டு என்று கொடுப்பார்கள். கர்ப்பத்தில் தைராய்டு மருந்தின் தேவையே கூடும், குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் அது வேண்டும். கால்சியமும் இரும்பும் ஒன்றையொன்று தடுக்கும் என்பதால் அவற்றையும் பிரிக்க வேண்டும். இப்படி வைத்துக்கொள்ளலாம்:

காலை 6 மணி: தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரோடு.
7 மணிக்குப் பிறகு: காபி, டிபன்.
மதியம் 1 மணி: சாப்பாட்டோடு முதல் கால்சியம்.
மாலை 4:30: இரும்பு மாத்திரை, எலுமிச்சைச் சாற்றோடு. டீ அதற்கு ஒரு மணி நேரம் கழித்து.
இரவு 8 மணி: சாப்பாட்டோடு இரண்டாவது கால்சியம்.

காலை டிபனோடு கால்சியம் போடுவதுதான் பலருக்கும் வழக்கம். தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு அது ஆகாது. பாலும் கேழ்வரகுக் கூழும்கூட கால்சியம்தான். குறைந்தது ஒரு மணி நேரம் பொறுங்கள். இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டினால் சிறிது உணவுக்குப் பிறகு போடலாம், விட்டுவிட வேண்டாம்.

ஒரு நாள் மறந்துபோய் எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்கிவிட்டால் பயப்பட வேண்டாம், இன்னொரு தைராய்டு மாத்திரையும் போட வேண்டாம். மறுநாளிலிருந்து சரியாகப் போட்டால் போதும். நேரத்தை மாற்றிய பின் 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச். பாருங்கள், கர்ப்பிணிகள் 4 வாரத்திலேயே பார்க்க வேண்டும். சரியாகப் பிரித்ததும் பழைய அளவு கூடுதலாகிவிடக்கூடும்.

மல்டிவைட்டமின் மாத்திரையிலும் இரும்பு, கால்சியம், மெக்னீசியம் இருக்கும். அதே நான்கு மணி நேரம்தான். ஜெலுசில், டைஜீன் போன்ற நெஞ்செரிச்சல் மருந்துகளில் அலுமினியமும் மெக்னீசியமும் இருப்பதால் அவற்றுக்கும் அப்படியே. செலினியம் இந்த மருந்தைப் பிடித்துக்கொள்வதாகத் தெரியவில்லை, ஆனால் அளவு மீறினால் முடி கொட்டும், நகம் உடையும். கடற்பாசி அயோடின் மாத்திரை வேண்டவே வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான 150 மைக்ரோகிராம் அயோடின் பெரும்பாலும் அயோடின் உப்பிலேயே கிடைத்துவிடும், அதிகமானால் சுரப்பி இன்னும் மந்தமாகும்.

முடி உதிர்வுக்கான மாத்திரைகளில் பயோட்டின் என்ற பி வைட்டமின் இருக்கும். அது மருந்தைத் தடுக்காது, ரத்தப் பரிசோதனையைக் குழப்பும்: சில கருவிகளில் டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லிவிடுங்கள்.