நர்மதையைத் தாண்டியதும் புகை

ஏப்ரல் இரண்டாவது வாரம், மத்தியப் பிரதேசத்தின் இந்தூரிலிருந்து ஹர்தாவுக்குப் பேருந்தில் போனேன். மால்வா பக்கம் கோதுமை அறுத்த வயல்கள் வெளிர் மஞ்சளாகக் கிடந்தன. நேமாவரில் நர்மதையைத் தாண்டியதும் புகை வாசம். சாலையோர வயல்கள் பல கருகிக் கிடந்தன. அறுத்த கோதுமைத் தாளைக் கொளுத்தியிருந்தார்கள். அந்தத் தாளை இங்கே 'நர்வாய்' என்கிறார்கள்.

எனக்குப் புரியவில்லை. பஞ்சாபில் நெல்லுக்கும் கோதுமைக்கும் நடுவே இரண்டு மூன்று வாரம்தான், அவசரத்தில் கொளுத்துகிறார்கள். இங்கே அடுத்த பயிர் சோயா. மழை இறங்கி ஜூன் கடைசியில்தானே விதைப்பு? இரண்டரை மாதம் இருக்கிறதே!

காரணம் தவா அணையின் வாய்க்கால் தண்ணீர். இடையில் அறுபது, எழுபது நாளில் பாசிப்பயறு எடுத்துவிடலாம். மழைக்கு முன் அது வீடு வந்து சேர வேண்டும். அதனால்தான் தீக்குச்சி.

நான் பார்க்கப் போன விவசாயி ஒரு பெரியவர், காகா என்று கூப்பிடுவேன். அவர் கொளுத்துவதில்லை. கம்பைன் அறுவடை இயந்திரம் விட்ட தாளில் பாதியை மாட்டுக்குப் பூசா என்ற தீவனமாக எடுத்துக்கொண்டு, மீதியை நிலத்திலேயே விட்டு, தாள் நிற்கும்போதே உழாமல் விதைக்கும் ஹேப்பி சீடர் கருவியால் நேராகப் பயறு விதைத்திருந்தார். குத்துக்காலிட்டுத் தாளை விலக்கிக் காட்டினார். வெளியே கரிசல் வெடித்துக் கிடக்க, அடியில் மண் சில்லென்று இருந்தது. இரண்டிலைப் பயறு எட்டிப் பார்த்தது.

அப்புறம் ஒரு சொட்டைக்குக் கூட்டிப்போனார். கம்பைன் தடத்தில் தாள் குவிந்த இடம் அது. விரலால் கீறினார். திரண்ட தாளின் மேல், மண்ணைத் தொடாமலே விதை காய்ந்து கிடந்தது. "தாள் ஈரமா இருக்கும்போது விதைச்சேன் பேட்டா. கத்தி சரியா வெட்டாம தாள் அடைச்சுக்கிச்சு, விதை தாள் மேலேயே விழுந்துடுச்சு. நல்லா காஞ்ச பிறகு, சமமாப் பரப்பிட்டு விதைச்சிருக்கணும்."

கோதுமைத் தாள் மட்கும்போது மண்ணின் தழைச்சத்தைக் கொஞ்ச காலம் பிடித்து வைத்துக்கொள்ளும். சோயாவும் பயறும் வேர்முடிச்சில் தாமே தழைச்சத்தைச் சேர்ப்பவை, அதனால் அதிகம் வாடாது. இதைவிடப் பொருத்தமான அடுத்த பயிர் கிடைக்குமா? எரித்தாலோ தாளிலுள்ள தழைச்சத்து பெரும்பாலும் புகையாகிறது. அறுத்த தாள் மேல் வருவதாலேயே ஒரு நெல் பட்டத்துக்குத் தாளடி என்று பெயர் வைத்த ஊர்க்காரனுக்கு அந்தக் கரி பார்க்கவே வலித்தது.

சோயாவால் தொல்லை குறைவு. அறுப்புக்கு முன்பே இலை கொட்டிவிடும், கோதுமை விதைக்கத் தடையில்லை.

இருட்டும்போது மேற்கே இரண்டு வயல் தள்ளித் தீ தெரிந்தது. காகா பேச்சை நிறுத்திவிட்டு மகனைக் கூப்பிட்டார். காற்று திரும்புவதற்குள் வரப்போரம் சுற்றி ஒரு பட்டை உழுதுவிட வேண்டும். முளைத்த பயறில் நான்கு சால் போனது. டிராக்டர் விளக்கில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.