கொலுசு என் சட்டைப் பையில்

ஜனவரி 6
அம்மாவின் கொலுசுத் திருகாணி அசையவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டு, துணி சுற்றி, குறடால் திருகினேன். “பார்த்து சாமி, செவ்வாய்ப்பேட்டை வெள்ளி” என்றாள். கால் இரண்டும் மொட்டையாக இருக்கின்றன.

ஜனவரி 7
எம்.ஆர்.ஐ. அறைக்குள்ளிருந்து கோழிக்குஞ்சு போல ஒரு கீச்சொலி. அம்மா வெளியே வந்த பிறகும் அது நிற்கவில்லை. குளிரூட்டும் பம்பு என்றான் அங்கிருந்த பையன். காந்தத்தை அணைப்பதே இல்லையாம். காயிலில் ஒருமுறை ஏற்றிய மின்சாரம் சுற்றிக்கொண்டே இருக்குமாம். இருபத்திரண்டு வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவனிடம் சொல்கிறான்!

ஜனவரி 8
ரிப்போர்ட் வரவில்லை.

ஜனவரி 9
தூக்கம் இல்லை, படித்தேன். பையன் சொன்னது சரி. நியோபியம்-டைட்டானியம் கம்பி, திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரி.

குளிர்ந்தால் தடை குறையும் என்பது எனக்கே தெரியும். காலையில் 10 ஓம் காட்டும் காயில், ஓடி நின்ற சூட்டில் 12 காட்டும். ஆனால் அடியோடு குளிர்ந்தால்? எலக்ட்ரான்கள் உறைந்து தடை ஏறிவிடும் என்று விஞ்ஞானி கெல்வின் நினைத்தாராம். 1911இல் நெதர்லாந்தின் லெய்டனில் காமர்லிங் ஆன்னஸ் என்ற விஞ்ஞானியின் குழு பாதரசத்தைக் குளிர்வித்தது. 4.2 கெல்வினில் (அவர் பெயரில் உள்ள குளிர் அளவு, அதே மைனஸ் 269 டிகிரிதான்) தடை சட்டென்று மறைந்தது.

பற்றவைக்கும் ஈயம்கூட 7.2 கெல்வினில் அப்படி ஆகும். செம்பும் வெள்ளியும் ஆவதில்லை. எவ்வளவு குளிர்ந்தாலும், கலந்திருக்கும் அழுக்கு எலக்ட்ரானை இடறிக்கொண்டே இருக்கும். அணுக்களின் எந்த அதிர்வு எலக்ட்ரானை இடறுகிறதோ, அதுவேதான் குளிரில் அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தும் வைக்கிறதாம். வெள்ளியில் அந்த உரசல் போதாது. சாதாரண நாளில் எல்லா உலோகத்தையும் விட நன்றாகக் கடத்துவது வெள்ளி. அதற்குப் போய் இந்தத் தண்டனையா? எனக்கு ஒப்பவில்லை.

மணி மூன்று. அங்கே அது சுற்றிக்கொண்டிருக்கும்.

ஜனவரி 10
அம்மா கொலுசு கேட்டாள். நாளை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜனவரி 11
பனியில் ஏற்காடு மலையே தெரியவில்லை. பட்டறையில் மீட்டர் முனைகளைக் கொலுசின் மேல் வைத்தேன். 0.2. முனைகளை ஒன்றோடொன்று தொடவைத்தேன். அதுவும் 0.2. கொலுசுக்கென்று என் மீட்டர் எதுவும் காட்டவில்லை. 1914இல் ஆன்னஸ் மீட்டரை நம்பவில்லை. ஈயக் காயிலில் மின்சாரத்தைச் சுற்றவிட்டு, மணிக்கணக்கில் குறைகிறதா என்று காத்திருந்தார்.

போன் இன்னும் வரவில்லை.

ஜனவரி 12
மருந்து ஏற்றி இன்னொரு முறை எடுக்க வேண்டுமாம். காரணம் சொல்லவில்லை. நல்லவேளை, மாட்டிவிடவில்லை.