ஓர் அங்குலம் கீழே: என் 1966 மஸ்டாங்கின் மூக்கை இறக்கிய கதை

1966 ஃபோர்டு மஸ்டாங்கை மசில் கார் (பெரிய எஞ்சின் பூட்டிய முரட்டு கார்) என்று சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. அவர்கள் கணக்கில் அது போனி கார், அதாவது சின்ன ஸ்போர்ட்டி கார். இருக்கட்டும். என்னுடையது 289 கன அங்குல வி8 எஞ்சின் பூட்டிய, இரண்டு கதவு கூபே. வண்டி எண்ணில் இரண்டாவதாக வரும் எழுத்து எஃப், அதாவது ஃபோர்டின் டியர்பார்ன் ஆலையில் பிறந்தது. நான் குடியிருக்கும் டெட்ராய்ட் புறநகரிலிருந்து அந்த ஊர் அரை மணி நேரம்தான்.

முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பது வாங்கிய நாளிலிருந்தே உறுத்தல். ஆனால் அழகு மட்டும் பிரச்சினை இல்லை. வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் வெளிப்பக்க டயர் ஓரத்தில் ஏறி உருளும், கீச்சென்று கத்தும். டயரின் வெளி விளிம்பு மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது.

ஒரு அங்குலம் குட்டையான ஸ்பிரிங் வாங்கி மாட்டிவிட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் தடுத்தார். கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அந்தக் காலத்து மஸ்டாங் பல பார்த்த கை. "ஸ்பிரிங்கை அப்புறம் மாத்து. முதல்ல ட்ரில்லை எடு" என்றார்.

அவர் சொன்னது ஆர்னிங் டிராப். ஃபோர்டின் சஸ்பென்ஷன் பொறியாளர் கிளாவ்ஸ் ஆர்னிங் யோசித்த வழி; பந்தயக்காரர் கரோல் ஷெல்பி, மஸ்டாங்கை மாற்றிச் செய்த 1965 ஜிடி350 கார்களில் அதைச் செய்தார். அதனால் ஷெல்பி டிராப் என்றும் சொல்வார்கள். 1966 மாடலில் செலவை மிச்சம் பிடிக்க நடுவிலேயே கைவிட்டுவிட்டார்கள். விஷயம் இவ்வளவுதான்: மேல் கண்ட்ரோல் ஆர்மை (சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் கை) ஷாக் டவரில் (எஞ்சினுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் தாங்கும் தகட்டுக் கூடு) பிடித்திருக்கும் இரண்டு துளைகளுக்கு நேர் கீழே, ஓர் அங்குலம் தள்ளி, புதுத் துளை போட்டு ஆர்மை அங்கே மாட்டுவது. மஸ்டாங்கில் ஸ்பிரிங் மேல் ஆர்மின் முதுகில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆர்மின் உள்முனை இறங்கினால் வண்டியும் அரை அங்குலத்துக்குச் சற்று மேல் அமர்ந்துவிடும். அதைவிடப் பெரிய லாபம், வளைவில் வண்டி சாயும்போது சக்கரத்தின் தலை உள்பக்கம் இழுக்கப்படும். டயர் ஓரத்தில் ஏறாமல் தரையோடு படியும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் நான்கு சக்கரத்திலும் தரையிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து சுவரில் பென்சிலால் எழுதினேன். முன்பக்கம் 27 அங்குலம். இதைச் செய்யாமல் தொடங்காதீர்கள்.

ஸ்பிரிங்கைக் கழற்றும் கட்டம்தான் பயம். அமுங்கிய நிலையில் அதற்குள் ஏறக்குறைய ஒரு டன் விசை அடைந்து கிடக்கிறது. உதிரிபாகக் கடை ஒன்றில் இரவலாகக் கொடுத்த, ஸ்பிரிங்கை அமுக்கும் கம்ப்ரஸரை வெளியிலிருந்து கொக்கி போட்டு முறுக்கினேன். நாலைந்து சுற்று போனதும் "டங்" என்று ஒரு சத்தம். ஒரு கொக்கி அடுத்த வளையத்துக்கு வழுக்கியிருந்தது. அப்படியே கையை எடுத்துக்கொண்டு கராஜை விட்டு வெளியே வந்துவிட்டேன். அன்று வேலை முடிந்தது. மறுவாரம் பெரியவர் தன்னுடையதைக் கொடுத்தார். ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு டவரின் மேலிருந்து உள்ளே இறக்குகிற வகை, இந்த வண்டிக்கென்றே வந்தது. அதிலும் ஸ்பிரிங்கைச் சுற்றி ஒரு சங்கிலியைப் போட்டு பூட்டிய பிறகுதான் முறுக்க விட்டார்.

ஆர்மைக் கழற்றும்போது ஆர்முக்கும் டவருக்கும் இடையில் மெல்லிய தகடுகள் விழும். ஷிம் என்பார்கள். கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்), கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) இரண்டும் இந்த வருட மாடலில் அதில்தான் இருக்கிறது. எந்த போல்ட்டில் எத்தனை என்று எழுதி, தனித்தனிப் பையில் போட்டு வைத்தேன்.

துளை போடுவது அரை மணி நேர வேலை. ஆனால் குறி வைப்பதற்கு ஒரு மாலை முழுக்கப் போனது. துளையின் இடம் காட்டும் டெம்ப்ளேட்டைப் பழைய துளைகளில் போல்ட் போட்டு இறுக்கி, புள்ளி குத்தி, அரைக்கால் அங்குல பிட்டில் ஆரம்பித்து, படிப்படியாக 17/32 அங்குலம் வரை போனேன். தகடு மெல்லியதென்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். எண்ணெய் விட்டு விட்டு, மெதுவாகத்தான். பழைய துளைகளை அடைக்கவில்லை.

கடைசியில் புது ஸ்பிரிங்கும் போட்டேன், ஆசை விடவில்லை. ஓர் அங்குலம் குட்டை, ஓர் அங்குலம் அமுக்க 620 பவுண்டு விசை வேண்டும். அதன் கீழ் நுனி, ஸ்பிரிங் உட்காரும் தட்டின் தடுப்பை ஒட்டி நிற்க வேண்டும், இதை மறந்து இரண்டு முறை திருப்பி மாட்டினேன்.

ஜாக்கை இறக்கி ஆவலோடு அளந்தால் 27¼ அங்குலம்! முன்பைவிட உயரம். வயிறு கலங்கிவிட்டது. பெரியவர் சிரித்தார். சக்கரங்கள் தரையைப் பிடித்துக்கொண்டு உள்ளே இழுபட்டு நிற்கின்றன, உருட்டினால்தான் விரியும் என்றார். தெருவை இரண்டு சுற்று சுற்றி வந்து அளந்தேன்: 25½. அப்புறம்தான் கீழ் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை, வண்டி தன் எடையில் நிற்கும்போதே, கடைசியாக இறுக்கினேன்.

சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டுக்கு இரண்டு கடையில் கையை விரித்தார்கள். கணினியில் இருக்கும் 1966 அளவுதான் வைப்போம் என்றார்கள். அது பயாஸ் டயர் (இழைகள் குறுக்காக ஓடும் பழைய வகை) காலத்து அளவு, இன்றைய ரேடியல் டயருக்கு உதவாது. மூன்றாவது கடைக்காரர் நான் எழுதிக் கொடுத்த சீட்டைப் படித்துப் பார்த்து, அப்படியே வைத்தார்: கேம்பர் மைனஸ் அரை டிகிரி, கேஸ்டர் பிளஸ் இரண்டரை, டோ (இரு சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கி நெருங்கும் அளவு) அரைக்கால் அங்குலம் உள்ளே. ஸ்டியரிங் நிறுத்தும்போது முன்பைவிடக் கனம். வளைவில் கீச்சு இல்லை.

ஆகஸ்டில் டெட்ராய்ட் பக்கம் நடக்கும் பழைய கார் திருவிழாவான உட்வர்ட் ட்ரீம் குரூஸுக்குக் கொண்டுபோய் பானெட்டைத் திறந்து வைத்தேன். வண்டி இறங்கியிருப்பதை யாரும் கவனிக்கவில்லை. பேஸ்பால் தொப்பி போட்ட ஒரு கிழவர் மட்டும் குனிந்து, ஷாக் டவரில் காலியாக இருந்த இரண்டு துளைகளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரு முறை தலையசைத்துவிட்டுப் போனார்.