நாக்கின் ஓரத்தில் ஒரு புண்

நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண். சூட்டுக் கொப்புளம் என்று விட்டுவிட்டேன். எனக்கு வாய்ப்புண் புதிதில்லை. உதட்டின் உள்பக்கமோ கன்னத்திலோ வரும்; நடுவில் வெளிர் மஞ்சள், சுற்றிலும் சிவப்பு. ஒரு வாரம், பத்து நாள் படுத்திவிட்டுத் தானே போய்விடும். இது போகவில்லை. ஆனால் பத்து நாளில் வலி குறைந்துவிட்டதால், சரி, ஆறுகிறது என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி கைப்பேசி டார்ச்சை வாய்க்குள் அடித்துக் கண்ணாடியில் பார்த்தால், புண் அப்படியே இருக்கிறது. போதாததற்கு, நாக்கை முழுசாக நீட்டியபோது தொண்டைப் பக்கமாக, அடிநாக்கில் வரிசையாகப் பெரிய பெரிய புடைப்புகள். போச்சு, பரவிவிட்டது! அன்று தூக்கமே இல்லை.

மறுநாள் பல் மருத்துவரிடம் முதலில் காட்டியது அந்தப் புடைப்புகளைத்தான். அவை எல்லோருக்கும் இருப்பவையாம். 8 முதல் 12 வரை, ஒரு 'வி' வடிவில், சுவை அரும்புகளைத் தாங்கி நிற்பவை. "பயந்துபோய் நாக்கை நீட்டுறவங்க கண்ணுலதான் இது படும்" என்றார்.

புண்ணுக்கு வந்தோம். வலியைப் பற்றி ஆரம்பித்தேன். "வலி இருக்கட்டும், எத்தனை நாளாச்சு?" புகையிலைப் பழக்கம் உண்டா என்றும் கேட்டார். இல்லை. காஸ் துணியால் நாக்கைப் பிடித்து இழுத்து, இரண்டு ஓரங்களையும் அடிப்பக்கத்தையும் பார்த்தார். புண்ணின் விளிம்பை விரலால் அழுத்தினார். தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினார். வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் வலிக்காமலே இருக்கலாம். விளிம்பு கெட்டியாக இருப்பதும் 2, 3 வாரமாகியும் ஆறாததும்தான் அவர் தேடுகிற அடையாளங்கள். வலி குறைந்ததில் நான் நிம்மதியடைந்தது எவ்வளவு அபத்தம் என்று அந்த நாற்காலியில்தான் உறைத்தது.

நல்லவேளை, விளிம்பு மெத்தென்று இருந்தது. நேர் எதிரே, கடைவாய்ப்பல்லில் எப்போதோ அடைத்தது உடைந்து கூராக நின்றது. பேசும்போதெல்லாம் நாக்கு அதில் உரசியிருக்கிறது. அதை ராவி வழவழப்பாக்கிவிட்டு, "2 வாரம் பார்ப்போம். ஆறலைன்னா கொஞ்சம் சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பணும்" என்றார்.

கிளம்பும் நேரத்தில் என் நாக்கிலிருந்த வெள்ளைப் படலத்தைத் துடைத்துப் பார்த்தார். உரிந்து வந்துவிட்டது, அடியில் சிவப்பு. "இன்ஹேலர் இழுக்கிறீங்களா?" அசந்துபோனேன். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் விட்டதில் வந்த பூஞ்சை அது. துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு என்றால் அதையும் புற்றுநோய்ச் சந்தேகத்தோடு பார்ப்பாராம், விடமாட்டாராம். பூஞ்சைக்கு மருந்து எழுதினார்.

2 வாரம் கழித்துப் போனபோது புண் இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. அவர் மட்டும் அதே இடத்தைத் தேடிப் பிடித்து இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். வீட்டுக்கு வந்து அந்தப் புடைப்புகளை எண்ணினேன். ஒன்பது.