நிபுணரைச் சென்று சேரும் வரை: அம்மாவின் மூட்டு வீக்கமும் பரிந்துரைக் கடிதமும்

மூட்டு வீக்கத்தோடு வரும் ஒருவரை, அறிகுறி தொடங்கிய 6 வாரங்களுக்குள் மூட்டுவாத நிபுணர் பார்த்துவிட வேண்டும் என்றும், நோய் நீடிக்கும் அபாயம் இருந்தால் கூடுமானவரை 3 மாதங்களுக்குள் அதன் போக்கை மாற்றும் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும் என்றும் ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவ அமைப்பான யூலார், 2016இல் திருத்திய தன் பரிந்துரைகளில் கூறியிருக்கிறது. என் அம்மா நிபுணரின் எதிரே உட்கார்ந்தபோது இந்த இரண்டு கெடுவும் கடந்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்தத் தாமதத்தின் பெரும்பகுதி, ஒரு கடிதம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேரும் வழியில் நேர்ந்தது. இதே வழியில் இன்று காத்திருப்பவர்களுக்கு உதவக்கூடும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு முதலில் வந்தது காலை நேர இறுக்கம். எழுந்தவுடன் விரல்களை மடக்க முடியாது. பற்பசையின் மூடியைத் திருகுவதற்கு இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அதை வைத்து அழுத்துவார். முற்பகல் ஆன பிறகே விரல்கள் ஓரளவு வசத்துக்கு வரும். சில வாரங்களில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் புறங்கையோடு சேரும் கணுக்கள் இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வீங்கின. குடும்ப மருத்துவர் வலி மாத்திரை கொடுத்து, உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தைக் கண்டறிய உதவும் ருமட்டாய்டு காரணிக்கான இரத்தப் பரிசோதனையையும் எழுதினார். அது நெகட்டிவ் என்று வந்ததும் அவசரம் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. முடக்குவாதம் உள்ளவர்களில் கணிசமானோருக்கு அந்தக் காரணி இரத்தத்தில் தென்படுவதில்லை, நோயே இல்லாத சிலருக்கு அது இருப்பதுண்டு என்பதெல்லாம் பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. வலி தணியாமல் போகவே, பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் அனுப்பப்பட்டது. தகவல் வரும் என்று சொன்னார்கள், காத்திருந்தோம்.

தகவல் வரவில்லை. மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்தால், "உங்கள் குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள்" என்றார்கள். மருத்துவரின் கிளினிக்கில் கேட்டால், "நாங்கள் அனுப்பிவிட்டோம், இனி அவர்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்கள். இரண்டு பதிலும் மரியாதையாகவே சொல்லப்பட்டன, இரண்டும் அவரவர் அளவில் உண்மையும்கூட. ஆனால் இரண்டுக்கும் இடையே நிற்கும் நோயாளிக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அங்கே ஒருவரிடமும் விடை இல்லை. மனம் சலித்துப்போய், கடிதம் எந்தத் துறையில் பதிவாகியிருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு பணியாளரிடம் கேட்டேன். அவர் பொறுமையாகத் தேடிப் பார்த்துச் சொன்ன பதிலில்தான் விஷயம் விளங்கியது. கடிதத்தில் மூட்டு என்று இருந்ததால் அது எலும்பு அறுவைச் சிகிச்சைத் துறைக்குப் போயிருக்கிறது. அங்கே படித்தவர்கள், அறுவைச் சிகிச்சைக்குத் தேவை இல்லை என்று குறித்து அதைக் கிளினிக்குக்கே திருப்பியிருக்கிறார்கள். கிளினிக்கில் அது அம்மாவின் கோப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறது. திரும்பி வந்த செய்தியை எங்களுக்குச் சொல்வது யாருடைய வேலைப் பட்டியலிலும் இல்லை. வராத அழைப்புக்காக அம்மா தொலைபேசியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தூங்கிய இரவுகளை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கினேன். "இரு கைகளிலும் மூட்டு வலி, சில மாதங்களாக. நிபுணர் கருத்துக்காக." உள்ளே இருந்தது அவ்வளவுதான். நிபுணர் துறைக்கு வரும் கடிதங்களை முதலில் ஒருவர் படித்து, அவசரம், விரைவில், வழக்கமான வரிசை என்று தரம் பிரிக்கிறார். அவர் நோயாளியைப் பார்ப்பதில்லை, அந்தத் தாளைத்தான் பார்க்கிறார். மூட்டு வலி என்று வருபவர்களில் பெரும்பாலோருக்குத் தேய்மானமே காரணம் என்பதால், வேறு விவரம் இல்லாத கடிதம் சரியான துறைக்கே போயிருந்தாலும் வரிசையின் கடைசியில்தான் நின்றிருக்கும். நிபுணர்கள் குறைவாகவும் நோயாளிகள் அதிகமாகவும் இருக்கும் இடத்தில் இப்படித் தரம் பிரிப்பதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். அப்படியானால் தேய்மானத்தையும் முடக்குவாதத்தையும் பிரித்துக் காட்டும் விவரங்கள் அந்தத் தாளில் கட்டாயம் இருந்தாக வேண்டும். வலியோடு வீக்கமும் உண்டா, காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறதா, எந்தெந்த மூட்டுகள், இரு பக்கமும் ஒத்திருக்கிறதா, விரல் கணுக்களைக் குறுக்காகச் சேர்த்து அழுத்தினால் நோயாளி வலியில் கையை இழுத்துக்கொள்கிறாரா, எப்போது தொடங்கியது, எந்த வேலை முடியாமல் போயிற்று: இவ்வளவும் நாலைந்து வரிகளில் அடங்கிவிடும்.

இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அம்மாவுடன் குடும்ப மருத்துவரிடம் மீண்டும் போனேன். அவர் நல்லவர், வெளியே காத்திருந்த கூட்டத்துக்கு நடுவிலும் முழுவதையும் படித்தார். "அம்மா, கையைக் கொஞ்சம் நீட்டுங்கள்" என்று சொல்லிப் புறங்கைக் கணுக்களைச் சேர்த்து மெல்ல அழுத்தினார். அம்மா முனகிக்கொண்டு கையைப் பின்னுக்கு இழுத்தார். உடனே உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., அவற்றோடு ஆன்டி சி.சி.பி. ஆகிய இரத்தப் பரிசோதனைகளை எழுதினார். கடைசியாகச் சொன்னது முடக்குவாதத்தைப் பெருமளவு குறிப்பாகக் காட்டிக்கொடுப்பது. அம்மாவுக்கு அது மிக உயர்ந்திருந்தது. இரண்டாவது கடிதம் மூட்டுவாதத் துறையின் பெயரிட்டு, இந்த விவரங்களோடும் முடிவுகளோடும் போனது. அவசரம் என்ற பிரிவில் அது வைக்கப்பட்டது, அப்பாயின்ட்மென்ட்டும் சீக்கிரமே கிடைத்தது. நோயாளி அதே அம்மாதான், வீக்கமும் அதே வீக்கம்தான். விசாரித்துத் தெரிந்துகொள்ள ஆளில்லாத ஒருவர் முதல் கடிதத்தோடு இன்னும் எங்கோ காத்துக்கொண்டிருப்பார் என்பதே என்னை மிகவும் வருத்துகிறது.

இடைப்பட்ட நாட்களில் செய்தவற்றில் இரண்டு மிகவும் கைகொடுத்தன. முடக்குவாத வீக்கம் ஏறும், இறங்கும். நிபுணரைப் பார்க்கும் நாளில் கை சாதாரணமாகத் தோன்றிவிடலாம். அதனால் வீக்கம் மிகுந்திருந்த காலைகளில், தேதி பதியும்படி இரு கைகளையும் சேர்த்துக் கைபேசியில் படம் எடுத்து வைத்தேன். இன்னொன்று, வேறொரு மருத்துவர் வலிக்காக ஸ்டீராய்டு மாத்திரை தர முன்வந்தபோது, நிபுணர் சந்திப்பு நெருங்குவதைச் சொல்லி, குடும்ப மருத்துவரைக் கலந்த பிறகே முடிவு செய்தோம். ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்கிவிடும் என்பதால், நோயைக் கண்டறிவதற்கு முன் அதைத் தொடங்குவது நிபுணரின் வேலையைக் கடினமாக்கிவிடும் என்று அவர் விளக்கினார். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் தாமாக நிறுத்திவிடக் கூடாது, அது ஆபத்தானது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நிபுணர் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார், அல்ட்ராசவுண்டில் கணுக்களைச் சோதித்தார், முடக்குவாதம் என்று உறுதிப்படுத்தினார். ஆனால் மருந்து அன்றே தொடங்கவில்லை. நோயின் போக்கை மாற்றும் மருந்தான மெத்தோட்ரெக்சேட் தருவதற்கு முன் இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நிலை தெரிய வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி தொற்று இல்லை என்று உறுதியாக வேண்டும். மார்பு எக்ஸ்ரேயும் வேண்டும் என்றார். இவை எல்லாம் குடும்ப மருத்துவரே எழுதித் தரக்கூடிய சாதாரணப் பரிசோதனைகள். அப்பாயின்ட்மென்ட் உறுதியாகும்போதே "இவற்றை எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று ஒரு குறிப்பு அனுப்பியிருந்தால் அந்த இரண்டாவது காத்திருப்பு இருந்திருக்காது.

அம்மா இப்போது மெத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒரே ஒரு நாள் எடுத்துக்கொள்கிறார், கூடவே தனியாக ஃபோலிக் அமிலமும் உண்டு. இது தினமும் போட்டுக்கொள்ளும் மாத்திரை அல்ல என்பதை நிபுணர் எங்களைத் திருப்பிச் சொல்லவைத்து உறுதி செய்துகொண்டார். அதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் பிடித்தன. வீக்கம் வடிந்துவிட்டது, காலை இறுக்கமும் பெரிதும் குறைந்திருக்கிறது. வலது ஆள்காட்டி விரலின் கணுவில் எலும்பு விளிம்பு சிறிது அரிக்கப்பட்டிருப்பது எக்ஸ்ரேயில் தெரிகிறது. மருந்து அது மேலும் பரவாமல் தடுக்கும், ஆனால் அரித்தது பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும் என்றார் நிபுணர்.

கிளினிக்குக்கும் மருத்துவமனைக்கும் நான் எழுத்தில் இரண்டு கோரிக்கைகள் வைத்தேன். பரிந்துரைக் கடிதத்தின் நகலை அன்றே நோயாளியிடம் கொடுக்க வேண்டும். கடிதம் திருப்பி அனுப்பப்பட்டால், அதை அனுப்புபவரே நோயாளிக்கும் தெரிவிக்க வேண்டும். முதலாவதைக் கிளினிக் ஏற்றுக்கொண்டது, இப்போது கேட்காமலேயே நகல் தருகிறார்கள். மருத்துவமனையிலிருந்து, கோரிக்கை உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்ற பதில் மட்டும் வந்திருக்கிறது. எந்தப் பிரிவு என்று கேட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன்.