ஓரியூரில் ஒரு சாம்பல் புதன்

இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூருக்கு எந்த நாளில் போகலாம் என்று யாராவது கேட்டால், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனன்று போங்கள் என்றுதான் சொல்வேன். புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) அங்கே வெட்டுண்டு இறந்தது 1693 பிப்ரவரி 4. அன்றைக்கும் சாம்பல் புதன்தான். அந்த வருடம் ஈஸ்டர் மார்ச் 22-இல் வந்தது. அதற்கு முந்திய தேதியில் ஈஸ்டர் வரவே வராது. ஆக, தவக்காலம் எவ்வளவு சீக்கிரம் தொடங்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்கிய வருடம் அது. அதன் முதல் நாளிலேயே அவர் தம் உயிரைக் கொடுத்துவிட்டார்.

நானும் சித்தப்பாவும் தேவகோட்டையில் பஸ் மாறி, திருவாடானை வழியாகப் போனோம். வழி நெடுகச் சீமைக்கருவேலமும் வறண்ட கண்மாய்களும்தான். சித்தப்பா அதிகம் பேசவில்லை, கையில் செபமாலை உருண்டுகொண்டே இருந்தது. ஒரு காலத்தில் குடி அவரை ஆட்டிப்படைத்தது. இப்போது தொடுவதில்லை. தவக்காலத் தொடக்கத்தில் ஓரியூர் வந்துவிட வேண்டும் என்பது அவருக்குப் பிடிவாதம்.

திருப்பலியில் குருவானவர் நெற்றியில் சாம்பலால் சிலுவை வரைந்து, "மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்" என்றார். அதே நெற்றியோடு செம்மண் திடலுக்குப் போனோம். சுற்றிலும் உள்ள மண்ணின் நிறம் வேறு. இந்த இடம் மட்டும் சிவந்து கிடக்கிறது. புனிதரின் இரத்தம் சிந்தியதால் சிவந்தது என்பது மக்களின் நம்பிக்கை. ஒரு அம்மா முந்தானை நுனியில் ஒரு பிடி மண்ணை முடிந்துகொண்டார். இன்னொருவர் பேரப்பிள்ளையின் நெற்றியில், சாம்பலுக்குப் பக்கத்திலேயே செம்மண்ணையும் பூசிவிட்டார்.

இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் அவர் வாளுக்குக் கழுத்தை நீட்டிய துணிச்சலைத்தான் பேசுவார்கள். என் மனம் போவது அதற்கு முந்திய நாட்களுக்கு, போர்ச்சுகலின் லிஸ்பனுக்கு. 1647-இல் அங்கே பிறந்த ஜான் டி பிரிட்டோ, சின்ன வயதில் இளவரசர் பெத்ருவின் அரண்மனைப் பணியாளராக வளர்ந்தவர். பிறகு இயேசு சபையில் சேர்ந்து, 1673-இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். காவி உடுத்தி, புலால் விட்டு, பண்டாரசாமி என்னும் துறவியாக மறவ நாட்டில் அலைந்தார். 1686-இல் பிடிபட்டுக் கடுமையாகச் சித்திரவதைப்பட்டார். இனிப் போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு மறவ நாட்டு அரசர் சேதுபதி அவரை விடுதலை செய்தார். அடுத்த வருடம் சபை அவரை லிஸ்பனுக்கு அனுப்பியது. அப்போது அங்கே அரசர், அதே பழைய பெத்ரு. இங்கேயே இருந்துவிடுங்கள் என்று வற்புறுத்தினார்.

அதுதான் சோதனை என்று எனக்குப் படுகிறது. எதிரி மிரட்டினால் நாம் விழித்துக்கொள்கிறோம். நண்பன் நல்ல நாற்காலியைக் காட்டி, "போதும்ப்பா, நீ பட்டது போதும்" என்று அன்பாகச் சொன்னால்? உடம்பில் அடிபட்ட தழும்பு இருக்கிறது, தங்கிவிட நியாயமான காரணம் இருக்கிறது, யாரும் குறை சொல்லப்போவதில்லை. அப்படியும் 1690-இல் அவர் திரும்பி வந்தார். வனாந்தரத்தில் நம் ஆண்டவரிடம் பிசாசு முதலில் பேசியதும் அப்பத்தைப் பற்றித்தானே. பசித்தவனுக்கு அப்பம் தவறான பொருளா என்ன?

தடியத்தேவரையும் மறக்க முடியாது. நோயிலிருந்து குணமான அந்த மறவர் தலைவர் ஞானஸ்நானம் கேட்டபோது, முதல் மனைவியைத் தவிர மற்றவர்களை விட்டுவிட வேண்டும் என்றார் அருளானந்தர். அவரும் கீழ்ப்படிந்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப்பெண். அவள் முறையிட்டதில்தான் அருளானந்தர் கைதானார். அவளைக் கெட்டவளாகச் சித்தரித்துச் சிலர் பிரசங்கம் செய்வது எனக்கு வருத்தம் தருகிறது. ஒருவருடைய மனமாற்றத்துக்கு இன்னொருவர் கண்ணீர் விட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவளுக்காகவும் அங்கே செபித்தேன்.

திடல் ஓரத்து நிழலில் உட்கார்ந்தபோது சித்தப்பாவிடம் கேட்டேன்: "இங்கே வந்து சத்தியம் பண்ணினதாலதான் உங்களால விட முடிஞ்சுதா?"

"சத்தியம் பண்றது லேசுப்பா. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் கஷ்டம்" என்றார்.

ஆறு மணிக்குக் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்புமாம். பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அதைச் சொல்லி அழுதிருக்கிறார். ஆறு மணிக்குக் கோயிலுக்கு வந்துவிடுங்கள், குகை போன்ற மாதா கெபியில் உருகி வழிந்த மெழுகைச் சுரண்டுவது உங்கள் வேலை என்று சாமியார் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒரு மழுங்கின கத்தியோடு மாதா கெபி முன்னால் குந்தி, கல்லில் ஒட்டிய மெழுகைச் சுரண்டி டப்பாவில் போடுகிறார். கை நடுங்கிய நாட்களில் கத்தி விரலைக் கீறியதும் உண்டாம். ஒவ்வொரு சுரண்டலுக்கும் "எங்களைச் சோதனைக்கு உட்படுத்தாதேயும்" என்று ஆண்டவர் கற்பித்த செபத்தின் அந்த ஒரு வரியை மட்டும் சொல்வாராம். முழுச் செபமும் அப்போது வாயில் வராதாம்.

எனக்கு இது அருளானந்தரின் கதைக்கு மிகவும் நெருக்கமாகப் படுகிறது. மன உறுதியை நம்பிச் சோதனைக்கு எதிரே போய் நிற்கவில்லை சித்தப்பா. தன்னால் முடியாது என்று ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னார். அப்புறம், ஆறு மணிக்கு இருக்க வேண்டிய இடத்தை மாற்றிக்கொண்டார். அருள் அந்த வழியாகத்தான் வந்தது.

"இப்ப ஆசை போயிடுச்சா சித்தப்பா?"

"எங்கே போகும்? லூக்கா நற்செய்தியிலே பாரு, ஏற்ற காலம் வர்ற வரைக்கும்தான் அலகை ஆண்டவரை விட்டுப் போனதாம். அவருக்கே அப்படின்னா எனக்கு?"

திரும்புகிற பஸ்ஸில் மணியைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஊர் போய்ச் சேர ஆறு தாண்டிவிடும் என்று தெரிந்ததும், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளைக்கு போன் போட்டு, "நான் வர்ற வரைக்கும் கெபி கேட்டைப் பூட்டிடாதீங்க" என்றார். இதை வாசிக்கிறவர்கள் அவருக்காகவும், அவரைப் போல ஆறு மணிக்குப் பயப்படுகிற எல்லாருக்காகவும் மாதாவிடம் ஒரு அருள் நிறை மந்திரம் சொல்லுங்கள்.