"ரத்த வாந்தி வரலையே!"

அம்மாவின் இடது கையிலிருந்து கரண்டி நழுவ ஆரம்பித்து மூன்று மாதமாகியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் காபி குடிக்கும்போது அந்தக் கை மட்டும் தானாக வெட்டி வெட்டி இழுத்தது. நினைவு தப்பவில்லை, இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டது. "தலையில கட்டி இருக்கான்னு ஒரு எம்ஆர்ஐ ஸ்கேன் பார்த்துடலாம்" என்று டாக்டர் சொன்னதும் அம்மா கேட்டார்: "கட்டின்னா ரத்த வாந்தி வரும்ல? எனக்கு வரலையே!"

முப்பது வருடமாகச் சீரியல் பார்க்கிறவர். அதில் மூளைக்கட்டி வந்தால் கைக்குட்டையில் ரத்தம் இருந்தாக வேண்டும். டாக்டர் சிரிக்காமல் விளக்கினார். கட்டி எந்த இடத்தை அழுத்துகிறதோ அந்த இடத்தின் வேலை கெடும். ரத்த வாந்தி அதன் அறிகுறி கிடையாது. "புழுக்கட்டியாவும் இருக்கலாம்" என்றும் சொன்னார். எனக்கு 'ஹவுஸ்' என்ற அமெரிக்க மருத்துவத் தொடர் ஞாபகம் வந்தது. 2004-இல் வந்த அதன் முதல் எபிசோடில் ஓர் ஆசிரியைக்கு மூளைக்கட்டி என்று சந்தேகப்பட்டு, கடைசியில் நாடாப்புழு என்று கண்டுபிடிப்பார்கள். அங்கே அது பெரிய திருப்பம். நம்மூரில் ஃபிட்ஸ் வந்தால் டாக்டருக்கு முதலிலேயே தோன்றுகிற சாதாரண விஷயம்.

ஸ்கேன் அறை வாசலில் முதல் தடங்கல், மூக்குத்தி. உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாது. கல்யாணத்துக்குப் போட்ட திருகாணி, அசையவே இல்லை. சிஸ்டர் தேங்காய் எண்ணெய் விட்டு, நூல் சுற்றி, முக்கால் மணி நேரம் போராடிக் கழற்றினார். கட்டி என்று கேட்டபோது கலங்காத அம்மா அப்போதுதான் அழுதார்.

ஸ்கேனில் தெரிந்தது மெனிஞ்சியோமா. மூளையை மூடியிருக்கும் உறையிலிருந்து மெதுவாக வளர்வது, பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது. "எத்தனை நாள் டாக்டர்?" என்று நான் கேட்டேன். ஆயுளைத்தான் கேட்டேன். அவர் அட்மிஷனைக் கேட்கிறேன் என்று நினைத்து, "ஏழெட்டு நாள்" என்றார். அந்த ஒரு நொடி எனக்குச் சீரியல் பின்னணி இசையே கேட்டது.

ஆபரேஷனுக்கு முன்னால் வீக்கம் குறைய டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. இதை எந்த நாடகத்திலும் காட்டியதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தயிர்சாதம் கேட்பார், தூக்கமே இல்லை, சுகர் எகிறியது, இன்சுலின் போட்டார்கள். கூடவே ஃபிட்ஸ் மாத்திரை, இதயத்துக்கு எக்கோ ஸ்கேன், மயக்க டாக்டரின் சம்மதம், ரத்தம் கொடுக்க ஆள். அப்புறம் காப்பீட்டு அனுமதிக்காக ஒன்றரை நாள் வெறுமனே காத்திருந்தோம்.

'கிரேஸ் அனாட்டமி' என்ற அமெரிக்கத் தொடரில் மூளை அறுவை டாக்டராக வரும் டெரெக் ஷெப்பர்ட் தொப்பி மாட்டிய கொஞ்ச நேரத்தில் கட்டி வெளியே வந்துவிடும். இங்கே ஏழு மணி நேரம். அதில் மயக்கம் கொடுத்து, தலையைக் கிளாம்பில் பொருத்துவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனதாம். முழு மொட்டையும் கிடையாது, வெட்டுகிற இடத்தில் ஒரு பட்டை மட்டும்தான் மழித்திருந்தார்கள். பின்னலில் பாதி அப்படியே இருந்தது.

ஐசியூவில் மணிக்கொரு தரம் கண்ணில் டார்ச் அடித்து ஒரே கேள்விகள். "அம்மா, உங்க பேரென்ன? இது எந்த ஊர்? இடது கையைத் தூக்குங்க." ஐந்தாவது தடவை அம்மா கடுப்பாகிவிட்டார். "எத்தனை வாட்டிம்மா சொல்றது? எழுதி வச்சுக்கோ!" சிஸ்டருக்கு ஒரே சந்தோஷம், கேஸ் ஷீட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். கை பாதிதான் எழும்பியது. பிசியோதெரபியில் பந்தை அழுத்தி அழுத்தி, தோசை திருப்ப இரண்டு மாதமானது.

பயாப்சி முடிவுக்கு ஒன்பது நாள். கிரேடு ஒன்று, அதாவது புற்றுநோய் இல்லாத வகை. ஃபிட்ஸ் மாத்திரை இன்னும் தொடர்கிறது. அது ஆரம்பித்ததிலிருந்து அம்மாவுக்குச் சட்டென்று கோபம் வருகிறது, அப்பா பழகிக்கொண்டுவிட்டார்.

மூன்றாம் மாத ஸ்கேன் சுத்தமாக இருந்தது, அடுத்தது ஒரு வருடம் கழித்து. மூக்குத்தித் துளை தூர்ந்துவிடாமல் இருக்க இத்தனை நாளும் வேப்பங்குச்சி போட்டிருந்தவர், போன வாரம் நகைக்கடைக்குக் கூப்பிட்டார். அழுத்தினால் கழன்றுவிடுகிற மாடல்தான் வேண்டுமாம்.